வெள்ளகெவி எல்லையில் கழற்றிய ஷூ

காட்டுக்குள் நடக்கப் போகிறேன் என்று சொன்னதும் நைனா கேட்ட முதல் கேள்வி, "எந்த ஷூவ போட்டுக்கினு போற?" என்பதுதான். எந்தக் காடு, யாரோடு, எத்தனை நாள் என்பதெல்லாம் அப்புறம்தான். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்புகளில் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற மனிதர். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார். என் ஷூவை வாங்கிக் கவிழ்த்தார், சோலைக் கட்டைவிரலால் அழுத்தினார், உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவினார். "பரவால்ல, ஒட்டுன சோல் இல்ல, தைச்சது. தாங்கும்" என்றார்.

அந்த ஷூ எங்கள் ஊரில் தைத்ததுதான். ஆம்பூர் பஜாரில் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று விற்பார்களே, அந்த ரகம். ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டியது. இடது காலில் ஒரு தையல் கோணியதால் எனக்கு வாய்த்தது. என் அம்மா பதினெட்டு வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டிய பிறகு இறங்குவார். அவர் ஒரு நாளில் தைத்த ஜோடிகளை எங்கள் தெருவில் அடுக்கினால் தெருக்கோடி வரை வரும். அவர் காலில் கிடந்தது ரப்பர் செருப்பு.

சென்னையில் உள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த நடை அது. "1821ஆம் ஆண்டுப் பாதை" என்று பெயர் வைத்திருந்தார்கள். கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி வெள்ளகெவி கிராமத்துக்கு இறங்கி, அங்கிருந்து அடிவாரத்தில் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி வரை. வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிய பிறகு அனுமதி இல்லாமல் மலையேறும் துணிச்சல் யாருக்கும் இல்லை, இருக்கவும் கூடாது. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது தடங்களைத் திறந்தது. வட்டக்கானல்-வெள்ளகெவித் தடமும் அதில் ஒன்று. நாங்கள் போனது டிசம்பரில். மழை ஓய்ந்து அருவியில் தண்ணீர் இருக்கும், காடும் காயாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் போனோம்.

1821 என்ன கணக்கு? அந்த ஆண்டு லெப்டினன்ட் பி. எஸ். வார்டு என்ற கும்பினி நில அளவையாளர் வெள்ளகெவி வழியாகப் பழனிமலை மேல் ஏறினார். அதற்கு முன்பு கானருடன் சேர்ந்து திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து முடித்தவர் அவர். கொடைக்கானல் மேட்டுக்கு வந்த முதல் ஐரோப்பியர் என்று சுற்றுலாப் புத்தகங்கள் அவரைச் சொல்லும். 1834இல் ராட்டன் என்ற மதுரை அதிகாரியும் வருவாய் வாரியத்தின் காட்டனும் தேவதானப்பட்டி வழியாக ஏறிச் செம்பகனூர் அருகே பங்களா கட்டினார்கள். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். 1863இல் லெவிஞ்ச் ஏரி வெட்டினார், 1872இல் கோக்கர் நடைபாதை போட்டார். ஏரிக்கு ஒரு பெயர், நடைக்கு ஒரு பெயர், பூங்காவுக்கு ஒரு பெயர். கொடைக்கானலில் ஒரு நாள் சுற்றினால் பத்து வெள்ளைக்காரர்களின் பெயரை மனப்பாடம் செய்துவிடலாம்.

நடைக்கு முந்தைய இரவு எங்களுக்கு ஒரு நாலு பக்கத் தாள் கொடுத்தார்கள். வார்டின் பயணம், அவர் போன வழி, ஆண்டுகள் எல்லாம் அழகாகத் தொகுத்திருந்தது. படித்து முடித்துவிட்டு நான் ஒன்று கேட்டேன்: "வார்டோட மூட்டையத் தூக்கினது யாரு?" யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்ல கேள்வி" என்றார்கள். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

அளவைக்காரர் மலையேறினார் என்றால் கூடாரம் ஏறியது, சங்கிலி ஏறியது, கருவி ஏறியது, அரிசி மூட்டை ஏறியது, சில இடங்களில் துரையே டோலியில் ஏறினார் என்று அர்த்தம். 1802இல் லாம்டன் பரங்கிமலையில் தொடங்கிய பெரிய முக்கோண அளவையின் கருவி அரை டன் எடை. வட ஆர்க்காட்டு மலைகளையும் அந்த அளவை தொட்டுக்கொண்டுதான் போனது. 1808இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி மோதி நசுங்கியது, லாம்டன் அதைத் தானே தட்டிச் சரிசெய்தார். இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. கருவியின் எடை தெரியும், நசுங்கிய கதை தெரியும், நிமிர்த்திய கை தெரியும். தூக்கிய தோள் எது? மலையேறிய துரைமார்களுக்கெல்லாம் கூலிகள் இருந்தார்கள். 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அத்தனை பேரையும் அடைத்தாயிற்று. மோட்டார் சாலை வரும்வரை கொடைக்கானலுக்கு ஏறிய பியானோவும் பீங்கானும் மேசையும் நாற்காலியும் அந்தத் தோள்களில்தான் ஏறின. வெறுங்காலில் ஏறின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பன்னிரண்டு பேர். வழிகாட்டித் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், மலை ஊர்க்காரர். எங்கள் எல்லோர் காலிலும் ஆயிரக்கணக்கில் விலைபோகும் ஷூக்கள், அவர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு எங்களை விட வேகமாக இறங்கினார். டால்பின் நோஸ் வரை கூட்டம். கடைகளில் பிரெட் ஆம்லெட்டும் ஸ்பீக்கர் பாட்டும். அதைத் தாண்டியதும் ஒரேயடியாகச் சத்தம் அடங்கியது. கல்லும் வேருமாகப் படிகள் செங்குத்தாக இறங்கின. சோலைக்குள் ஈரம். அட்டைகள் ஷூவின் கண்ணி வழியாக நுழையப் பார்த்தன. காட்டுமாட்டின் குளம்பு பதிந்த சேற்றைக் காட்டி, "காலைலதான் போயிருக்கு" என்றார் தம்பி. கீழே இறங்க இறங்கக் காப்பிச்செடி, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட் மரங்கள் வந்தன. ஒரு குதிரை எதிரே மூட்டையோடு ஏறி வந்தது. அதற்கு வழிவிட்டு ஒதுங்கினோம். சாலை இல்லாத ஊர். விளைந்தது மேலே ஏற வேண்டும், அரிசியும் சிலிண்டரும் கீழே இறங்க வேண்டும். குதிரை, இல்லையென்றால் தலை.

ஊர் தொடங்கும் இடத்தில் தம்பி நின்றார்.

"இங்கன எல்லாரும் செருப்பக் கழட்டிரணும்."

வெள்ளகெவி பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது தெரியும். சுமார் நூற்றைம்பது வீடு, இருபதுக்கு மேல் கோயில். கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லாததால் ஊர் முழுவதையுமே கோயிலாக வைத்து, உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. எனக்கும் தெரியும். படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் படித்தது தலைக்குத் தெரிந்திருந்தது, காலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மற்ற பதினொரு பேரும் குனிந்து கயிறை அவிழ்த்தார்கள். ஒருத்தி, "மண்ண தொடுறது எவ்ளோ நல்லா இருக்கு" என்றாள். ஒருவர் ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

என் தாத்தா பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். ஊரின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். சேரியிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்குப் போக ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஊர் எல்லை வந்ததும் தாத்தா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். தெரு முடிந்ததும் கீழே போட்டு மாட்டிக்கொள்வார். அந்தச் செருப்பை அவரேதான் செய்திருப்பார். மாடு செத்தால் அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், உரிப்பார், பதப்படுத்துவார். ஊர்க்காரர்களின் கமலைக்குத் தோல் பையும் காலுக்குச் செருப்பும் அவர் கையால் போகும். தோலைத் தொட்டதால் அவர் தீட்டு. அவர் தொட்ட தோலைப் போட்டுக்கொண்டு அவர்கள் தெருவில் நடக்கலாம், அவர் நடக்கக் கூடாது. இந்தக் கதையைத் தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை. ஆயாதான் சொல்வார். சொல்லும்போது செருப்பை இடுக்கிய கையைத் தன் கையால் காட்டுவார், முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கும். அந்த முழங்கை என் கண்ணை விட்டுப் போனதே இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலின் எட்டாவது தடை, ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. பழைய கதையா? 2013இல் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவனைச் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கவைத்தார்கள். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் சைக்கிள் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று அறுபத்தெட்டு வருடம் கழித்து ஒரு நாடு தன் சட்டப் புத்தகத்தில் 'செருப்பு' என்ற சொல்லைச் சேர்க்கிறது. 2023 டிசம்பர் 24 அன்று திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் தலித்துகள் அறுபது பேர் கம்பள நாயக்கன் தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் கூட நடந்தார்கள். அந்தத் தெருவின் நீளம் முந்நூறு மீட்டர். அங்கே செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் சாவு வரும் என்று தலைமுறை தலைமுறையாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

இத்தனையும் தலைக்குள் ஓட, ஒரு மலை ஊரின் எல்லையில் கயிறு அவிழ்க்காத ஷூவோடு நான் நிற்கிறேன். தம்பி பக்கத்தில் வந்தார்.

"என்னக்கா, கால்ல அடியா?"

"இல்ல தம்பி. இது யாருக்கு? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்க்கா. எங்களுக்கும்தான். அதிகாரிக வந்தாலும் கழட்டித்தான் வருவாக."

"ஊருக்கு வெளிய சுத்திப் போக வழி இருக்கா?"

கேட்ட மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போ என்பதும் எங்களுக்கு விதித்ததுதானே. செருப்பைக் கழற்ற மறுப்பதற்காகச் சுற்றுப் பாதை கேட்டால், தாத்தாவுக்கு இருந்த இரண்டு வழியில் இன்னொன்றை நானே விரும்பிக் கேட்டதாக ஆகாதா? தம்பி நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. எத்தனையோ பேரைக் கூட்டிவந்தவர், எல்லையில் தயங்கியவர்களைப் பார்த்திருப்பார். ஆனால் அவர்கள் கல் குத்தும், அட்டை கடிக்கும் என்று தயங்கியிருப்பார்கள்.

நானும் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் ஒரே விதி என்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கழற்று என்று ஒருவனுக்கு மட்டும் சொல்வதற்கும் எல்லோரும் கழற்றுவோம் என்பதற்கும் நடுவில் ஒரு சமூகமே இருக்கிறது. மசூதியிலும் விகாரையிலும் கழற்றுகிறேன். நாகபுரி தீட்சா பூமியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன், அப்போது கண்ணீர் வந்ததே தவிரக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரே விதி எல்லாக் காலிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. மண்ணைத் தொடுவது நன்றாக இருக்கிறது என்றவளுக்கு அது ஒரு விடுமுறை நாள் அனுபவம். எனக்கு அந்த முழங்கை. "இதப் போயி இவ்ளோ யோசிக்கணுமா?" என்று நண்பர் ஒருவர் திரும்பி வந்து அன்பாகக் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். யோசிக்காமல் கழற்றுகிற வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்று அவருக்கு அங்கே நின்று விளக்கத் தெம்பில்லை. இப்போது எழுதுகிறேன், படிப்பார்.

கடைசியில் கழற்றினேன். கையில் தொங்கவிடவில்லை, இடுக்கவில்லை. முதுகுப் பையைத் திறந்து, உள்ளே இருந்த துண்டில் சுற்றி, துணிமணிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் நடுவில் வைத்து மூடினேன். இரண்டு கையும் வீசி நடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எனக்கு முக்கியமாகப் பட்டது. தம்பி தன் ரப்பர் செருப்பை ஓரமாகப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஒரு வீட்டுத் திண்ணையில் காப்பி கொடுத்தார்கள். அந்த ஊர்க் காப்பி, கருப்பட்டி போட்டது. நான் காப்பியைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தேன். எனக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வந்ததும் ஒரே எவர்சில்வர் டம்ளர்தானா, குடித்ததை யார் கழுவுகிறார்கள், எங்கே கவிழ்க்கிறார்கள். பழக்க தோஷம். எந்த ஊரில் எந்த வாசலில் உட்கார்ந்தாலும் இதைச் செய்கிறேன். ஒரே டம்ளர்தான். அந்தப் பாட்டியே எல்லாவற்றையும் வாங்கிக் கழுவினார். இதை வைத்து நான் அந்த ஊருக்குச் சான்றிதழ் கொடுக்கப் போவதில்லை. ஒரு மணி நேரம் தங்கிய விருந்தாளிக்கு வாசலைக் காட்டுவார்கள், அடுப்படியைக் காட்ட மாட்டார்கள். அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

"நீ எந்த ஊரு தாயி?"

"ஆம்பூர் பாட்டி. வேலூர்ப் பக்கம்."

பிரியாணி என்பார் என்று காத்திருந்தேன். யாரிடம் ஆம்பூர் என்றாலும் அடுத்த சொல் பிரியாணிதான். பாட்டி அதைக் கேள்விப்பட்டதில்லை. "அங்க என்ன வேல?" என்றார்.

"ஷூ செய்யிற ஊரு. எங்கம்மா ஷூதான் தைச்சாங்க."

பாட்டி என் வெறுங்காலைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "செருப்புப் போடாத ஊருக்கு வந்திருக்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அவர் பேசியது செருப்பைப் பற்றி இல்லை, டோலியைப் பற்றி. பிரசவம் என்றாலும் பாம்புக்கடி என்றாலும் கம்பில் கம்பளியைக் கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேலே என்றால் வட்டக்கானல், கீழே என்றால் கும்பக்கரை. மழையில் ஓடை பெருகிவிட்டால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். அவருடைய நாத்தனார் அப்படி வழியிலேயே போனவர். சுற்றிலும் உள்ள சின்னூர், பெரியூர் மக்களும் இப்படி டோலி கட்டித் தூக்கிவரும் படங்கள் செய்தித்தாளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. துரைக்கும் துரைசாணிக்கும் அன்று கட்டிய அதே டோலி. இருநூறு வருடத்தில் துரை காருக்கு மாறினார். தூக்கியவர்களுக்கு நோய் வந்தால் இன்னும் டோலிதான். "1821ஆம் ஆண்டுப் பாதை" என்று எங்கள் தாளில் போட்டிருந்ததை நினைத்துக்கொண்டேன். அந்த ஊருக்கு அது இந்த வருடத்துப் பாதை. வேறு பாதை இருந்தால்தானே இதைப் பழைய பாதை என்று சொல்ல முடியும்?

ஊரைத் தாண்டியதும் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். கயிறை இரண்டு முடிச்சுப் போட்டேன்.

அதன் பிறகு இறக்கம் கடுமை. ஈரக்காடு போய் வெயில் காடு வந்தது. முழங்கால் நடுங்கியது. ஒரு திருப்பத்தில் தம்பி குனிந்து எதையோ பொறுக்கி, "இது என்னன்னு தெரியுமாக்கா?" என்று நீட்டினார். ஐந்து வரி ஓடிய, காய்ந்து சுருங்கிய காய். சென்னை நண்பர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எனக்கு முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கடுக்காய். குரோமியம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் தோல் பதமானது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான். ஆவாரம்பட்டையில் மட்டும் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் போட்டால் நிறம் நிற்கும், வெளுப்பாக வரும். நைனா இளவட்டமாக வேலைக்குச் சேர்ந்தபோது ஷாப்புக் கொல்லையில் கடுக்காய் மலைபோலக் குவிந்து கிடக்குமாம். எழுபதுகளில் அரசு பாதிப் பதமான தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு போட்டு, முழுத்தோலும் ஷூவுமாக அனுப்பச் சொன்ன பிறகுதான் குரோமியம் பெருகியது. அதன் பிறகும் சில ஷாப்புகளில் பட்டைத் தோல் வேலை தொடர்ந்தது. நைனா வீட்டுக்கு வந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் அந்தத் துவர்ப்பு வாசனை இருக்கும். எனக்குச் சோறு ஊட்டிய கை. மலைக்காட்டில் யாரோ பொறுக்கி, யாரோ தலைச்சுமையாக இறக்கி, எங்கேயோ எடைபோட்டு, ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்து தோலில் இறங்கிய காய். மலையில் சுமந்தவருக்கும் பள்ளத்தில் ஊறிய தோலை மிதித்தவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நாலு காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலை மூன்றரைக்குக் கும்பக்கரை. வட்டக்கானலின் அமைதிக்குப் பிறகு திருவிழா மாதிரி இருந்தது. பாறையைக் குடைந்து தண்ணீர் செய்த பள்ளங்களுக்கு யானைக் கெஜம், குதிரைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயர். குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூத்தாடின. இங்கே எல்லோரும் தாமாகவே செருப்பைக் கழற்றினார்கள், நானும்தான். கொப்புளம் கண்ட காலைத் தண்ணீருக்குள் விட்டேன். சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு எந்தத் தண்ணீரில் கால் வைத்தாலும் மேலே என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடும். இந்த அருவிக்கு வருவது பாம்பாறு. பாம்பாறு இறங்கி வரும் பாம்பாறு சோலைக்கு மேலே, கொடைக்கானலில், இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தொழிற்சாலை. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவைப் பழைய இரும்புக் கடையில் போட்டது 2001இல் வெளியே வந்து, மக்கள் போராடி, ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கான உடன்பாட்டுக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அசுத்தப்படுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருடம். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். "நீ எங்க வந்தாலும் இதையே பேசுவியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, "ஆமா" என்றேன்.

பிரியும்போது தம்பியிடம் அவர் தாத்தாவின் பெயரைக் கேட்டேன். ஏன் என்றார். சும்மா என்றேன். சொன்னார். அவருடைய தாத்தாவின் அப்பா பெயரையும் யோசித்துச் சொன்னார். அதற்கு மேல் தெரியவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் நாலு பக்கத் தாளின் பின்புறம் காலியாக இருந்தது. அதில் இரண்டையும் எழுதிக்கொண்டேன். இங்கே போடவில்லை, அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

பெரியகுளம் பஸ் நிலையத்திலிருந்து நைனாவுக்குப் போன் செய்தேன். ஊர் எப்படி, அருவி எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

"ஷூ தாங்குச்சா? சோல் வுட்டுச்சா?"

"தாங்குச்சி நைனா."

வெள்ளகெவியில் கழற்றியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எல்லாரும் கழட்டினாங்களா?"

"எல்லாரும்தான்."

"வெளிய வந்ததும் போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேன் நைனா."

"சரி. ஈரம் பட்டிருந்தா வெயில்ல வெக்காத, தோல் வெடிக்கும். உள்ள பேப்பர் திணிச்சி நெழல்ல வை. ரெண்டு நாள் ஆவும் காய்றதுக்கு."